‘ஒண்ணுமில்ல டாக்டர்’

எதிரணிக்காரனின் சட்டையை எட்டிப் பிடிக்கிறான் ஒரு பையன். அவன் திமிறிக்கொண்டு ஓட, பிடித்த கையின் மோதிர விரல் துணியில் மாட்டி இழுபடுகிறது. ஒரு நொடி முகம் சுளிக்கிறான். கையை உதறிவிட்டு மறுபடி ஓடுகிறான். இடைவேளையில் கேட்டால், “ஒண்ணுமில்ல டாக்டர், விரல் லேசா பிசகிக்கிச்சு” என்பான். விரல் வீங்கியிருக்கும், கோணியிருக்காது. எக்ஸ்ரே எடுத்தாலும் பல சமயம் எலும்பு முழுசாகத்தான் தெரியும். ஆனால் விரல் நுனியை மடக்கும் தசைநாண் எலும்பிலிருந்து பிய்ந்து போயிருக்கலாம். கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். நடு மூட்டை நேராகப் பிடித்துக்கொண்டு, “நுனியை மட்டும் மடக்கு தம்பி” என்று சொல்ல வேண்டும். மடங்கவில்லை என்றால் கை அறுவை சிகிச்சை நிபுணரை உடனே பார்க்க வேண்டும். நாண் உள்ளங்கைவரை சுருண்டு போயிருந்தால் அதற்கு வரும் ரத்த ஓட்டம் அறுந்திருக்கும். 7 முதல் 10 நாளுக்குள் தைக்காவிட்டால் பிறகு அதை இழுத்து வந்து ஒட்டவைப்பது மிகக் கடினம். அந்த விரல் நுனி ஆயுளுக்கும் மடங்காமல் போகலாம்.

பள்ளி அணிக்குச் சம்பளம் வாங்காமல் மருத்துவராக இருப்பவரின் வேலை பெரும்பாலும் இப்படிப்பட்டதுதான். எலும்பு வெளியே தெரிகிற முறிவை யாரும் கவனிக்கத் தவற மாட்டார்கள். தவறிப்போவதெல்லாம் ‘ஒண்ணுமில்ல’ என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும். 14 முதல் 18 வயதுவரை உள்ள பிள்ளைகள் வலியை மறைப்பதில் தேர்ந்தவர்கள். வெளியே உட்கார வைத்துவிடுவார்களோ என்ற பயம், தன் இடம் இன்னொருவருக்குப் போய்விடுமோ என்ற பயம், வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற பயம். போட்டி நாளில் மட்டும் வந்து நிற்கும் மருத்துவரிடம் அவர்கள் உண்மை பேச மாட்டார்கள். வாரம் இரண்டு மூன்று நாள் பயிற்சிக்கு வந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, காயமே இல்லாத நாளிலும் கூடப் பேசிக்கொண்டிருப்பவரிடம் பேசுவார்கள். அர்ப்பணிப்பு என்று இதைப் பாராட்டுகிறோம். எனக்கு இது பரிசோதனை முறையின் ஒரு பகுதியாகவே தெரிகிறது. ஸ்டெதாஸ்கோப்பை விட அதிகம் பயன்படுகிற பகுதி.

வேலை தொடங்குவது போட்டிப் பருவத்துக்குக் குறைந்தது 6 வாரம் முன்பு. அப்போதுதான் தகுதிப் பரிசோதனையில் ஏதாவது அகப்பட்டால் மேற்கொண்டு சோதிக்க நேரம் இருக்கும். பருவம் தொடங்கும் வாரத்தில் நாற்பது பேரை வரிசையில் நிற்கவைத்து முத்திரை குத்துவது பரிசோதனை ஆகாது. உண்மையில் பிடித்துக் கொடுப்பது கேள்விகள்தான். ஓடும்போது மயங்கி விழுந்ததுண்டா? இங்கே ‘ஓடும்போது’ என்பதுதான் முக்கியம். ஓடி முடித்து நின்ற பிறகு தலைசுற்றுவது பெரும்பாலும் ரத்தம் காலில் தேங்குவதால் வருவது; ஓட்டத்தின் நடுவே நினைவு தப்புவது இதயக் கோளாறு என்றே எடுத்துக்கொண்டு, முழுதாகச் சோதிக்கும்வரை களத்தில் இறக்கக் கூடாது. ஓடும்போது நெஞ்சு வலி, மற்றவர்களை விடச் சீக்கிரம் மூச்சு வாங்குவது, படபடப்பு. குடும்பத்தில் 50 வயதுக்குள் யாராவது திடீரென்று இறந்ததுண்டா? நன்றாக நீந்தத் தெரிந்தவர் காரணமில்லாமல் மூழ்கியது, தனியாக ஓட்டிப் போன வண்டி எதிலோ மோதியது போன்றவற்றையும் இதில் சேர்த்துக் கேட்க வேண்டும். பரம்பரை இதய மின்கோளாறுகள் சில குடும்பங்களில் விபத்து என்ற பெயரில்தான் நினைவிருக்கும்.

இந்தப் படிவத்தைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து நிரப்பட்டும். அதற்குப் பிறகு பிள்ளையிடம் தனியே ஒருமுறை கேட்க வேண்டும். இரண்டு பதில்களும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. இதய ஒலியைப் படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நிற்கவைத்து ஒருமுறை கேட்க வேண்டும். துடிப்புகளுக்கு நடுவே கேட்கும் சாதாரண முணுமுணுப்பு எழுந்து நின்றதும் குறையும். இதயத் தசை தடித்து ரத்தப் பாதையை அடைக்கும் நோயில் நின்றதும் கூடும். எல்லோருக்கும் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டுமா என்பது இன்னும் தீராத வாதம். இத்தாலி 1982-லிருந்து போட்டி விளையாட்டு வீரர்களுக்கு அதைச் சட்டப்படியான பரிசோதனையில் சேர்த்திருக்கிறது. அமெரிக்க இதயச் சங்கமோ 14 அம்சக் கேள்வி–பரிசோதனைப் பட்டியலையே முன்வைக்கிறது. என் கருத்து: பயிற்சி பெற்ற வீரரின் ஈ.சி.ஜி.யைப் படிக்கத் தெரிந்தவர் இருந்தால் எடுக்கலாம். பயிற்சியால் இதயம் இயல்பாகவே மாறும். அந்த மாற்றத்தை நோய் என்று படித்துவிட்டால் நல்ல பிள்ளை ஒன்று மாதக்கணக்கில் பயந்துகொண்டே வீட்டில் உட்கார்ந்திருக்கும்.

பெண் பிள்ளைகளிடம் மாதவிடாயைப் பற்றிக் கூச்சமில்லாமல் கேட்க வேண்டும். 15 வயதாகியும் தொடங்கவில்லை, அல்லது தொடர்ந்து 3 மாதம் வரவில்லை என்றால், ‘விளையாடுகிற பெண்களுக்கு அப்படித்தான்’ என்று விடக் கூடாது. உடல் செலவழிக்கிற அளவுக்குச் சாப்பாடு போகாமல் இருக்கலாம். அடுத்து வருவது காலெலும்பில் மயிரிழை முறிவு. ஆண் பிள்ளைகளுக்கும் இதே குறைபாடு வரும். அவர்களுக்கு மாதவிடாய் போல வெளியே தெரியும் அடையாளம் இல்லாததால் இன்னும் தாமதமாகத்தான் தெரியவரும்.

அடுத்தது ஒரே ஒரு பக்கத் தாள்: அவசரத் திட்டம். யாராவது விழுந்தால் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்வது யார், ஏ.இ.டி. கருவியை (நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி தருவது) ஓடி எடுத்து வருவது யார், கேட்டைத் திறப்பது யார், வாசலில் நின்று வண்டிக்கு வழிகாட்டுவது யார், மற்றப் பிள்ளைகளை அப்பால் கூட்டிப் போவது யார். பதவியை எழுதக் கூடாது, ஆளின் பெயரை எழுத வேண்டும். அவர் வராத நாளுக்கு இன்னொரு பெயரும் வேண்டும். மைதானத்துக்கு ஒரு தாள், உள்ளரங்கத்துக்குத் தனித்தாள். இரண்டுக்கும் வண்டி வரும் வழி வேறு. பருவம் தொடங்குமுன் ஒருமுறை கடிகாரம் வைத்து ஒத்திகை பார்த்தால் ஓட்டைகளெல்லாம் தெரிந்துவிடும். ஏ.இ.டி. அலுவலகத்துக்குள் பூட்டியிருக்கும், சாவி வீட்டுக்குப் போயிருக்கும். ஒட்டும் பட்டைகளின் காலாவதி தேதி போன வருஷம் முடிந்திருக்கும். எல்லோரும் வேறு யாரோ போன் செய்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு நிற்பார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 15 நிமிடம் முன்பு நடுவர், இரு அணிப் பயிற்சியாளர்கள், மருத்துவர் எல்லோரும் ஒரு நிமிடம் கூடிப் பேசிக்கொள்வது நல்ல பழக்கம்: கருவி எங்கே, நடுவர் எந்தச் சைகை காட்டினால் மருத்துவர் உள்ளே வரலாம்.

இவ்வளவும் எதற்கென்றால், இதயம் நின்றவருக்கு மின்னதிர்ச்சி தர ஒவ்வொரு நிமிடம் தாமதிக்கும்போதும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் யாரும் மோதாமலே சுருண்டு விழுந்ததைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. களத்திலேயே நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்து மீட்டார்கள். அடுத்த ஆண்டே அவர் மறுபடி விளையாடினார். பள்ளி மைதானத்தில் தப்பு நடப்பது முதல் அரை நிமிடத்தில். விழுந்த பிள்ளையின் கைகால் வெட்டிவெட்டி இழுக்கும். ‘வலிப்பு’ என்று வாயில் எதையோ திணிக்க வருவார்கள். இடைவெளி விட்டு வாய் திறந்து திறந்து மூடும். ‘மூச்சு இருக்கிறது’ என்று காத்திருப்பார்கள். இரண்டுமே நின்றுபோன இதயத்தின் அடையாளமாக இருக்கலாம். மோதல் இல்லாமல் விழுந்து, கூப்பிட்டால் எழவில்லை, மூச்சு சீராக இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொண்டு அழுத்தத் தொடங்க வேண்டும்: நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். வியர்வை வழியும் நெஞ்சைத் துண்டால் அழுந்தத் துடைத்த பிறகே பட்டையை ஒட்ட வேண்டும். ஈர நெஞ்சில் பட்டை சரியாக ஒட்டாது. ஏ.இ.டி. பையில் ஒரு துண்டும் கத்தரிக்கோலும் எப்போதும் இருக்கட்டும். பந்து நெஞ்சில் பட்டவுடன் இரண்டடி நடந்து விழும் பிள்ளைக்கும் இதே சிகிச்சைதான். இதயத்துடிப்பின் ஒரு குறிப்பிட்ட கணத்தில் விழுந்த அடி, எலும்பை உடைக்காமலே துடிப்பின் தாளத்தைக் குலைத்துவிடும். நெஞ்சுக்கூடு இன்னும் இறுகாத வயதில் இதற்கு வாய்ப்பு கூடுதல்.

தலையில் அடி பட்டவரைக் கையாள்வதில்தான் பழகிய மருத்துவரின் அருமை தெரியும். மூளை அதிர்ச்சிக்கு நினைவு தப்ப வேண்டியதில்லை, பெரும்பாலோருக்குத் தப்புவதில்லை. ஸ்கேனிலும் ஒன்றும் தெரியாது. தெரிவதெல்லாம் சிறு மாற்றங்கள்: எப்போதும் வாயாடுகிறவள் பேசாமல் நிற்கிறாள், இடப்பக்கம் ஓட வேண்டியவன் வலப்பக்கம் போகிறான், எழுந்தவன் ஒரு கணம் தள்ளாடி அதை மறைக்கக் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டுகிறான். வழக்கமாக அவர்கள் எப்படி இருப்பார்கள் என்று தெரிந்தவருக்குத்தான் இது கண்ணில் படும். கேட்க வேண்டிய கேள்விகளும் எளிமையானவை: இது எந்த மைதானம்? இப்போது எந்தப் பாதி? கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்? போன ஆட்டம் யாரோடு, ஜெயித்தோமா? இன்று என்ன கிழமை, உன் பெயரென்ன என்று கேட்பதில் பயனில்லை; அதிர்ந்த மூளையும் அதைச் சரியாகச் சொல்லிவிடும்.

சந்தேகம் வந்துவிட்டால் அன்று மறுபடி களமிறங்கக் கூடாது. இதில் விதிவிலக்கே இல்லை. 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான ஸ்காட்-6 என்ற பரிசோதனைத் தாளை 2023-ல் வெளியிட்டார்கள். அதைச் செய்து முடிக்கக் குறைந்தது 10, 15 நிமிடம் ஆகும். கூச்சலுக்கு நடுவே எல்லைக்கோட்டில் நின்றபடி ஓட்டிவிட முடியாது. அமைதியான அறை வேண்டும். அதில் நன்றாகச் செய்தாலும் சந்தேகம் தீர்ந்துவிடாது, அறிகுறிகள் சில மணிநேரம் கழித்தும் வரும். அனுபவசாலிகள் செய்கிற ஒரு காரியம் உண்டு: வெளியே எடுத்த பிள்ளையின் ஷூவையோ ஹெல்மெட்டையோ வாங்கித் தன் காலடியில் வைத்துக்கொள்வார்கள். ஆட்டம் சூடேறும்போது மருத்துவர் இன்னொருவரைப் பார்க்கத் திரும்பினால், பிள்ளை உள்ளே ஓடியிருக்கும். அதைப் பயிற்சியாளர் கூடக் கவனித்திருக்க மாட்டார்.

கழுத்து வலி, இரட்டைப் பார்வை, கைகால் மரத்தல் அல்லது பலவீனம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, வாந்தி, வலிப்பு, நினைவு மங்கல், வழக்கத்துக்கு மாறான முரட்டுத்தனம் – இதில் ஒன்று இருந்தாலும் நேரே மருத்துவமனைக்கு. கழுத்து வலியோ மரத்தலோ இருந்தால் எழுப்பி உட்காரவைக்கக் கூடாது. தலையை இரு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு ஆள் வரும்வரை அப்படியே இருக்க வேண்டும். கை கொடுத்துத் தூக்கிவிட ஓடிவரும் நண்பர்களைத் தடுப்பதே அங்கே முதல் வேலை.

மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பும்போது தனியாக அனுப்பக் கூடாது. பெரியவர் ஒருவர் இரவு கூட இருக்க வேண்டும், அவர் கையில் எச்சரிக்கை அறிகுறிகள் எழுதிய தாள் இருக்க வேண்டும். இருட்டறையில் நாள்கணக்கில் படுக்கவைக்கும் பழைய முறையால் நன்மை இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. முதல் 24 முதல் 48 மணிநேரம் ஓரளவு ஓய்வு, திரை பார்ப்பதைக் குறைத்தல், மெல்ல நடை. பிறகு படிப்படியாக: லேசான உடற்பயிற்சி, தனியாக ஓட்டம், மோதல் இல்லாத பயிற்சி, மருத்துவர் அனுமதித்த பிறகு முழுப் பயிற்சி, அதற்கும் பிறகுதான் ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். வகுப்பில் முழு நாள் உட்கார முடியாதவர் களத்துக்கு வரக் கூடாது. இந்த வயதில் முழுதாகத் தேற நான்கு வாரம்கூட ஆகலாம். ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால் மூளை வேகமாக வீங்கி உயிரே போகக்கூடும். அரிது, ஆனால் இந்த இளம் வயதினரிடம்தான் அதிகம் பதிவாகியிருக்கிறது.

வெப்பத் தாக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சரியாகச் செய்தால் ஏறக்குறைய எல்லோரையும் காப்பாற்றிவிடலாம், தவறாகச் செய்தால் ஆரோக்கியமான பிள்ளை இறந்துவிடும். வெயிலில் ஓடிய பிள்ளை குழறிப் பேசுகிறது, கோபப்படுகிறது, தடுமாறி விழுகிறது. தோல் வறண்டிருக்கும் என்று எழுதி வைத்திருப்பதை நம்பிவிடக் கூடாது. ஓடியதால் வந்த வெப்பத் தாக்கத்தில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கும். நெற்றி, காது, வாய், அக்குள் எதில் வைத்தாலும் தெர்மாமீட்டர் குறைத்துக் காட்டலாம். ஆசனவாய் வழியாக அளப்பது ஒன்றே நம்பத்தக்கது. அதற்கான வளையும் தெர்மாமீட்டரும், மறைக்க ஒரு திரையும், பெற்றோரின் முன்கூட்டிய சம்மதமும் பருவத் தொடக்கத்திலேயே தயாராக இருக்க வேண்டும். 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்து, மூளைக் குழப்பமும் இருந்தால் வெப்பத் தாக்கம்.

அப்போது முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும். ஆம்புலன்ஸ் வந்து நின்றாலும் இந்த வரிசை மாறக் கூடாது. பெரிய தொட்டியில் பாதிக்குத் தண்ணீர், பக்கத்தில் பெட்டி பெட்டியாக ஐஸ் – வெயில் நாளில் பயிற்சி தொடங்குமுன்பே தயாராக இருக்க வேண்டும். கழுத்துவரை முக்கி, அக்குளுக்கடியில் துணி கொடுத்து ஒருவர் தலையைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கலக்காவிட்டால் உடலைச் சுற்றிய நீர் சூடாகி ஒரு போர்வையாகிவிடும். இப்படிச் செய்தால் ஏறக்குறைய 5 நிமிடத்துக்கு ஒரு டிகிரி இறங்கும். விழுந்த 30 நிமிடத்துக்குள் 39-க்குச் சற்றுக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும். அங்கே நிறுத்தி வெளியே எடுக்க வேண்டும், இல்லையென்றால் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும். தொட்டி இல்லாத இடத்தில் தார்ப்பாயில் கிடத்தி நான்கு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, உள்ளே ஐஸ் தண்ணீரை ஊற்றி ஆட்டலாம். கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் பொட்டலம் வைத்து விசிறுவது மட்டும் போதாது. பாராசிட்டமால் இதற்கு உதவவே உதவாது.

வராமல் தடுப்பது இன்னும் எளிது. விடுமுறை முடிந்து வந்த முதல் வாரம்தான் ஆபத்து மிகுந்தது. உடல் வெயிலுக்குப் பழக 7 முதல் 14 நாள் வேண்டும். முதல் நாளே இரண்டு வேளைப் பயிற்சி வைக்கிற, தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடவிடுகிற பயிற்சியாளரிடம் மருத்துவர் அப்போதே பேசிவிட வேண்டும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து எழுந்த பிள்ளைக்கும், உடல் பருமனானவர்களுக்கும் வரம்பு இன்னும் குறைவு.

கணுக்கால் சுளுக்குதான் அதிகம் வரும், கதை குறைவு. ஒட்டாவா விதிகள் போதும்: கணுக்கால் முண்டுகளின் பின் விளிம்பில் 6 சென்டிமீட்டர்வரை அழுத்தினால் எலும்பே வலிக்கிறதா, பாதத்தின் வெளிப்புற நடு எலும்பின் அடியிலோ உட்புறப் படகெலும்பிலோ வலிக்கிறதா, நான்கு அடி நடக்க முடிகிறதா. எலும்பு வலித்தாலோ நடக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே. வளரும் பிள்ளைகளில் ஒன்றைக் கூடுதலாக நினைவில் வைக்க வேண்டும். அவர்களுடைய எலும்பின் வளர்தட்டு, அதாவது எலும்பு நீளும் இடம், பக்கத்திலிருக்கும் தசைநார்களை விடப் பலம் குறைந்தது. பெரியவருக்கு நார் கிழிகிற அடியில் பிள்ளைக்குத் தட்டு நகரலாம். வேகமாக ஓடும்போது இடுப்பில் ‘படக்’கென்ற வலியோடு நின்றுவிடுகிற பையனுக்குத் தசைப்பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்து நீவினால், பிய்ந்த எலும்புத் துண்டை இன்னும் விலக்குகிறோம். முழங்கால் வலி என்று வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இடுப்பையும் சுழற்றிப் பார்க்க வேண்டும். தொடை எலும்பின் தலை வளர்தட்டிலிருந்து சறுக்கும் நோய் சிலருக்கு முழங்காலில் மட்டும்தான் வலிக்கும். நொண்டிக்கொண்டே இரண்டு மாதம் ஆடிவிட்டு வருகிறவர்கள் உண்டு.

பையன்கள் வெட்கத்தால் மறைப்பது இன்னொன்று: விரையில் வலி. அடிபட்டதனால் என்று நினைத்துச் சொல்லாமல் இருப்பான். விரை முறுக்கிக்கொண்டிருந்தால் 6 மணிநேரத்துக்குள் அறுவை செய்தால்தான் பெரும்பாலும் காப்பாற்ற முடியும். பருவத் தொடக்கக் கூட்டத்தில், எல்லோர் முன்னும், சாதாரணக் குரலில் இதை ஒருமுறை சொல்லிவைத்தால் போதும். இரவு எத்தனை மணியானாலும் போன் செய்யலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மருத்துவரின் முடிவு பயிற்சியாளரின் முடிவுக்குக் கீழ்ப்பட்டதாக இருக்கக் கூடாது. இதைப் பருவத்துக்கு முன்பே பள்ளி எழுத்தில் தர வேண்டும். இறுதிப் போட்டியில் கடைசிப் பத்து நிமிடம் இருக்கையில், “டாக்டர், அஞ்சு நிமிஷம் மட்டும் விடுங்க, அப்பா அம்மாவே சரின்னுட்டாங்க” என்று கேட்கும்போது அந்தத் தாள்தான் துணை. ஒருமுறை காரணம் சொன்னால் போதும், பேரம் பேசத் தொடங்கவே கூடாது. மரத்துப்போகும் ஊசி போட்டுப் பள்ளிப் பிள்ளையைக் களத்தில் இறக்குவது ஒருபோதும் சரியல்ல. பயிற்சியாளருக்குத் தெரிய வேண்டியது ஆடலாமா, எதைச் செய்யலாம், எப்போது திரும்பலாம் என்பது. நோயின் பெயர் பிள்ளைக்கும் வீட்டாருக்கும் உரியது. அவர்கள் சொன்னால் மட்டும் பிறரிடம் சொல்லலாம். பரிசோதிக்கும்போது இன்னொரு பெரியவர் கூட இருக்கட்டும்; அது பிள்ளைக்கும் பாதுகாப்பு, மருத்துவருக்கும் பாதுகாப்பு. இலவசமாகச் செய்வதால் சட்டம் காக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. வழியில் போகிறவர் உதவினால் கிடைக்கும் பாதுகாப்பு, முன்கூட்டி ஒப்புக்கொண்டு நிற்கும் மருத்துவருக்குப் பல இடங்களில் கிடைப்பதில்லை. மருத்துவரின் தொழில் பொறுப்புக் காப்பீடு இந்த வேலையையும் சேர்த்துக்கொள்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

ஆட்டம் முடிந்த பிறகும் அரைமணிநேரம் அங்கேயே இருக்க வேண்டும். சூடு ஆறிய பிறகே வலி தெரியும், கூட்டம் கலைந்த பிறகே பிள்ளைகள் பக்கத்தில் வருவார்கள். எதிரணியில் அடிபட்டவரையும் ஒருமுறை பார்க்க வேண்டும், அவர்களோடு மருத்துவர் வராமல் இருக்கலாம். அன்றிரவு தலையில் அடிபட்டவர் வீட்டுக்கு ஒரு போன். பையில் தீர்ந்ததை அன்றே நிரப்ப வேண்டும்: கையுறை, உப்புநீர், கட்டுத்துணி, ஆஸ்துமா இன்ஹேலரில் மாட்டும் ஸ்பேசர் குழாய். காலாவதி தேதி பார்க்க வேண்டியது கடும் ஒவ்வாமைக்குப் போடும் அட்ரினலின் ஊசி. பதிவேட்டில் யாருக்கு என்ன, அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்று எழுதிவைக்க வேண்டும். சுத்தியல் போல நுனி தொங்கும் விரலுக்குக் கட்டிய ஸ்பிளின்ட் (நுனியை நேராக நிறுத்தும் பட்டை) 6 முதல் 8 வாரம் இரவும் பகலும் கழற்றாமல் இருக்க வேண்டும். குளிக்கும்போது ஒருமுறை நுனி தொங்கிவிட்டால் நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து. அதனால் அந்தப் பிள்ளையின் பெயருக்கு எதிரே ஒவ்வொரு வாரமும் ஒரு கேள்வி எழுதியிருக்கும்: ‘கழற்றினாயா?’ பதில் ‘இல்ல டாக்டர்’ என்றுதான் வரும். ஸ்பிளின்டுக்கு அடியில் தோல் வெளுத்துச் சுருங்கியிருக்கிறதா, இல்லை வெயில்பட்ட நிறம் திரும்பியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.